அங்கவடியில் என் பூட்ஸ்

ராய்ஸ்,

உன் அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் ஆளில்லாத குதிரையை நடத்திச் சென்றது உன் ஏற்பாடு. இறந்த படைவீரருக்குச் செய்வதுபோல், அதன் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் நீ பின்பக்கம் திருப்பி மாட்டிய பூட்ஸ் என்னுடையது.

"இத்தனை கௌபாய் நாவல், சினிமா எழுதினவருக்குக் கால் இவ்வளவு சின்னதா?" என்று ஒரு வாசகர் கேட்டார்.

"அப்பாவுக்கு எப்பவுமே சின்னக் கால்தான் சார்," என்றாய், என் பக்கத்திலேயே நின்றுகொண்டு. சபை நடுவே வாய் திறக்காதே என்று கான்வென்டில் என்னைப் பழக்கியிருக்கிறார்கள், அதனால் தப்பினாய்.

குதிரையைக் கண்டாலே உன் அப்பா காருக்குள் ஏறிக்கொள்வார். அது வியர்த்தால் என்ன வாசம் வரும் என்பதைக்கூட என்னிடம் கேட்டுத்தான் எழுதினார்.

இப்போது அந்த பூட்ஸை அவருடையது என்று அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போகிறாயாம். தொப்பி, தட்டச்சுப்பொறி, விருது எதை வேண்டுமானாலும் கொடு. பூட்ஸைத் திருப்பி அனுப்பு. இல்லையென்றால் திறப்பு விழாவுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக்கொண்டு நடப்பேன்.

அம்மா