முகம் பூசிய மணிக்கூடு

வெல்லாவெளி
02.06.2024

பிரஷாந்திக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன்.

ஆவணியில் உன் வீட்டு முற்றத்தில் நிருஷாவின் கல்யாணம், தகப்பனாக நான் வந்து தாரைவார்க்க வேண்டும் என்கிறாய். கோவிலில் வைத்தால் வருகிறேன். அந்த வாசல் படலையைத் தாண்டமாட்டேன். நம் கல்யாணத்தன்று உன் அப்பா என் கையில் கட்டிவிட்டது கள்ள மணிக்கூடு. காகித ஆலையில் வேலைசெய்த காலத்தில் வாங்கிய சுவிஸ் சாமான் என்று சபையில் சொன்னார். பதினாறு வருடம் பெருமையாகக் கட்டித் திரிந்தேன். பிறகு பழைய மணிக்கூடுகளைப் பற்றிப் படித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முகத்தில் உள்ள எழுத்துகளின் ஓரம் கசிந்திருக்கிறது. ஆறு மணிக்குக் கீழே சுவிஸில் செய்தது என்று இருக்கவேண்டிய பொடி எழுத்துகளே இல்லை. முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் கள்ளன் என்று சொன்னேன். மனிதர் வாய் திறக்கவில்லை. நேர்மையானவர் என்றால் பேசியிருப்பாரே.

மாப்பிள்ளை டிலக்சனுக்கு அப்படி ஒன்றை நான் கட்டமாட்டேன். காத்தான்குடியில் முகைதீன்பாவா பழைய மணிக்கூடுகள் வைத்திருக்கிறார். மினுக்கி மினுக்கி விளிம்பு மழுங்காத, முகம் மாற்றாத ஒன்றாகப் பார்த்து வாங்குவேன். உன் அப்பா தந்ததையும் அவரிடமே தள்ளிவிடப்போகிறேன்.

உதயரூபன்

---

வாழைச்சேனை
09.06.2024

நிருஷாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். "இந்தக் காலத்தில தபால்காரனுக்கு வேலை குடுக்கிற ரெண்டே ரெண்டு ஆக்கள் நீங்களும் அப்பாவும்தான்" என்று மகள் சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, "அப்பா வாறாராமா?" என்று கேட்கிறாள். தினமும் கேட்கிறாள்.

கோவிலுக்கு மாற்றச் சொல்லாதீர்கள். அவள் பெயருக்கு எழுதிய வீடு இது. அவள் இங்கே இருந்துதான் தாலி வாங்கவேண்டும். கூரை ஓடுகளையும் மாற்றிவிட்டேன், ஒரு வார்த்தை விசாரித்தீர்களா?

மணிக்கூடு வாங்கவேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள், போதும். பழையதை விற்கவும் வேண்டாம், யாரிடமும் கொடுத்துக் கழற்றவும் வேண்டாம். அப்பா செத்துப் பத்து வருடம் ஆகிறது. அவரை விடுங்கள்.

பிரஷாந்தி

---

வெல்லாவெளி
18.06.2024

பிரஷாந்திக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். முகைதீன்பாவா பின்மூடியைக் கழற்றினார். நான் ஒருநாளும் கழற்றிப் பார்த்ததில்லை.

"சேர், மூஞ்சிக்கு மட்டும்தான் புதுப் பூச்சு. உள்ளுக்கு ஒண்டையும் மாத்தல்ல. பொறந்தபடி இரிக்கி. இதக் கள்ளச் சாமான் எண்டு ஆரு சொன்ன?" என்றார்.

ஒரு ஆள் சொன்னதாகச் சொன்னேன்.

"அந்தாள் மூடியத் தொறந்தே பாத்திரிக்க மாட்டான்."

திருத்துகிறவர்கள் மூடியின் உட்பக்கத்தில் தங்கள் குறியையும் திகதியையும் ஊசியால் கீறிவைப்பார்களாம். மூன்று கீறல்கள் இருந்தன. இரண்டு நம் கல்யாணத்துக்கு முந்தியவை. மூன்றாவது 14.8.04. முகம் பூசியவன் அவன்தான் என்கிறார். அந்த மாதம் நான் கொழும்பில் பயிற்சியில் இருந்தேன். மணிக்கூடு உன் அலுமாரியில் இருந்தது.

யார் கொடுத்தது?

உதயரூபன்

---

வாழைச்சேனை
26.06.2024

நிருஷாவின் அப்பாவுக்கு,

நான்தான்.

நீங்கள் இல்லாத வீட்டில் அதைக் கட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. கட்டியது நினைவில்லாமல் கிணற்றடியில் உடுப்புத் துவைத்தேன். தண்ணீர் இறங்கி முகம் முழுக்கக் கறை பூத்துவிட்டது. உங்கள் கோபத்தை நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாதான் எங்கோ கொண்டுபோய்ப் பூசிக்கொண்டு வந்தார். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "துடைச்சு வச்ச நீயா? புதுசு போல இரிக்கி" என்று சந்தோசப்பட்டீர்கள்.

நீங்கள் முற்றத்தில் கத்தியபோது சொல்லத்தான் வந்தேன். அப்பா தலையை ஆட்டித் தடுத்தார். நீங்கள் அறைக்குள் போனதும், "வாயத் தொறக்காத புள்ள. மருமகன்ட கோவம் என்னோட கிடக்கட்டும். நான் எத்தின நாளைக்கு இரிக்கப்போறன்? நீ அவரோட வாழணும்" என்றார். நீங்கள் பையோடு வெளியே வருவீர்கள் என்று அவர் நினைக்கவில்லை.

செத்த வீட்டுக்கும் நீங்கள் வரவில்லை. அதன்பிறகு சொல்லி யாருக்கு என்ன என்று விட்டுவிட்டேன்.

பிரஷாந்தி

---

வெல்லாவெளி
07.07.2024

பிரஷாந்தி,

அன்றே சொல்லியிருந்தால் கோபித்திருக்கமாட்டேன் என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். கத்தியிருப்பேன். அலுமாரிச் சாவியைக்கூட உன்னிடமிருந்து பிடுங்கியிருப்பேன்.

ஆனால் செத்த மனிதரைப் பத்து வருடம் நான் வெறுத்துக்கொண்டிருக்க நீ விட்டாய். அதை என்னால் மன்னிக்கமுடியவில்லை. இதையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

டிலக்சனுக்கு ஒன்றும் வாங்கவில்லை. முகைதீன்பாவா நல்ல சாமான்கள்தான் காட்டினார். என் கண்ணை நம்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளையை உன் அண்ணா தாரைவார்க்கட்டும். உன் அப்பாவைக் கள்ளன் என்று சொன்ன முற்றத்தில் நின்று அவர் பேத்தியின் கையைப் பிடித்துக் கொடுக்க என்னால் முடியாது. இதுவரை கோபத்தில் வராமல் இருந்தேன். அது சுகமாக இருந்தது. இப்போது இருப்பது வேறு.

நிருஷா கேட்பாள். நடந்ததை அப்படியே சொல். அப்பாவுக்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. இனி அந்த வீட்டில் யாரும் எனக்காக ஒன்றையும் மறைக்கவேண்டாம்.

உதயரூபன்