"வேண்டாதவை" என்ற ஃபோல்டர்

கிளேஸ் பே,
மே மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள அலிஸ்டர்,

உடம்புக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை, ஜெபமாலையின் கடைசி மணியை உனக்கென்று வைத்திருக்கிறேன், நீயும் குறையில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு, நான் சரியாக இல்லை என்று உனக்குச் செய்தி வந்திருக்கும். "உங்கம்மா கம்ப்யூட்டர்ல செத்த மனுஷனோட பேசிக்கிட்டிருக்கா, நீ ஒருதரம் வந்து பாரு" என்று உனக்குப் போனில் சொன்னதாக உன் சேடி அத்தையே என்னிடம் வந்து சொல்லிவிட்டாள், ஏதோ எனக்கு உபகாரம் செய்தவளைப் போல. அது தவறு. நான் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. மேசையில் நான் இரண்டு தட்டு வைக்கிறேன் என்று அவள் சொன்னது மட்டும் உண்மை, ஆனால் இரண்டாவது தட்டு மீன்முள் போடுவதற்கு, அதை அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நடந்தது என்ன என்பதை நான் வரிசையாக எழுதுகிறேன், நீ பொறுமையாகப் படி.

பாய்லர் ஓட்டப் பழகும் பசங்களுக்குக் கல்லூரியில் உன் அப்பா இணையம் வழியாக எடுத்துவந்த வகுப்பை இப்போது ஜோஸ்லின் பெட்ரி என்ற பெண் நடத்துகிறாள். நல்ல பெண், உழைப்பாளி, காற்புள்ளி எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. மார்ச் மாதம் பனி உருகிய சேற்றோடு என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்து, "மிசஸ் மெக்கின்னன், சார் வெச்சிட்டுப் போன ஃபைலுங்க எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல, ஒரே பாடத்துக்கு 'கடைசி'ன்னு ஒண்ணு, 'உண்மையான கடைசி'ன்னு ஒண்ணு, 'எஃபி திருத்திய கடைசி'ன்னு ஒண்ணு இருக்கு, இதுல எதைத்தான் பசங்களுக்குக் காட்டுறது?" என்று கேட்டாள். என் பெயர் போட்டதைத்தான் காட்ட வேண்டும் என்றேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து பிழை திருத்தியவள் நான் அல்லவா. கல்லூரியில் ஜூன் முடிவோடு இந்தப் பழைய இணைய வகுப்பறையை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றுக்குப் போகிறார்களாம். பாடப் பக்கத்தில் லிங்க் போட்டுக் கட்டியிருக்கிற ஃபைல்கள் மட்டும் புதிய இடத்துக்குப் போகும், எந்தப் பக்கத்திலும் கட்டாமல் ஃபோல்டரில் சும்மா கிடப்பவை பழையதோடு அழிந்துபோகும். அதற்குள் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எனக்கும் உதவியாளராக உள்ளே நுழைய அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமைகளில் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு, வகுப்பு தடைப்படக் கூடாதென்று, ஒவ்வொரு திங்கள் காலையும் தானாகவே போகும்படி அறிவிப்புகளை எழுதித் தேதி குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். அடக்கம் முடிந்த அடுத்த திங்களன்று நான் டீயை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வந்தது. "காலை வணக்கம் பசங்களா. ஷிஃப்டுல ஏறினதும் முதல்ல பாய்லர்ல தண்ணியப் பாரு. மத்ததெல்லாம் அப்புறம்." நான் டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை, அது கோப்பையைத் தாண்டி மேசையெல்லாம் போய்விட்டது. அவர் இறந்துவிட்டார் என்று கல்லூரியில் முறையாக அறிவிப்புப் போட்டார்கள். அடுத்த திங்கள் அவருடைய காலை வணக்கம் அந்த மரண அறிவிப்புக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது, புதியது மேலே வரும் என்பதுதான் அங்கே விதி. வடக்கே லாப்ரடாரிலிருந்து ஒரு பையன் மேலே இருந்ததை மட்டும் படித்துவிட்டு, "சார், எழுந்து வந்துட்டீங்களா? இங்க எல்லாரும் உங்களப் பத்தித்தான் கவலைப்பட்டோம்" என்று பதில் போட்டான். ஜோஸ்லின் அழுதுவிட்டாள். மீதியை நிறுத்திவிடட்டுமா என்றாள். பாடத்தோடு சேர்ந்தவை, பாடம் முடியும்வரை ஓடட்டும் என்று சொன்னேன். அந்தப் பையனுக்கு நானே என் பெயரில் உண்மையை எழுதினேன். சேடி சொல்லும் "பேச்சு" இதுவென்றால், அது உயிரோடிருக்கும் ஒரு பையனோடு நான் பேசியது.

அந்த அறிவிப்பு எனக்கு ஏன் வந்தது என்று கேட்பாய். உனக்கும் வந்துகொண்டிருக்க வேண்டும். மாணவர் கண்ணுக்கு எது தெரிகிறது என்று ஆசிரியர் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்பதால், அவர் நம் இருவரையும் மாணவர்களாகச் சேர்த்துவைத்திருந்தார். நான் சோதனை மாணவர் ஒன்று, நீ சோதனை மாணவர் இரண்டு. "அம்மா வீட்டு லைன்ல திறக்குறது பெரிசில்ல, உன் வேலை முகாம்ல இழுத்து இழுத்து வர்ற லைன்ல திறக்குதா பார்த்துச் சொல்லுடா" என்று உன்னைப் படுத்துவாரே.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். உன் அப்பா எதையும் அழிக்க மாட்டார். பயன்படாதவற்றை எல்லாம் "வேண்டாதவை" என்று ஒரு ஃபோல்டரில் போட்டு மாணவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைப்பார், சட்டைப்பையில் துருப்பிடித்த ஆணிகளை வைத்திருப்பதைப் போலவே. "இதை அப்படியே தூக்கிடலாம்ல?" என்று ஜோஸ்லின் கேட்டாள். தூக்கலாம், அதை என் கையால் செய்கிறேன் என்று சொன்னேன். எனக்கு உள்ளூர ஒரு காரணம் இருந்தது. முதல் பாடத்துக்கு அவர் முதலில் பேசிப் பதிவு செய்த ஃபைல் அதில் இருக்கிறது, உனக்கு நினைவிருக்கும். சமையலறை மேசையில் உட்கார்ந்து தண்ணீர் மட்டத்தைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசிக்கொண்டு போகிறார், நடுவில் நான் அடுப்படியிலிருந்து "ரானல்ட், மீன் ஆறிப்போய் மரக்கட்டையாயிடுச்சு, உன் பாய்லர் வந்து திங்குமா?" என்று கத்துகிறேன். அவர் பேச்சை மறந்து சிரிக்கிறார், "வரேன்டி எஃபி, நெருப்பை அணைச்சிட்டு வரேன்" என்கிறார். அப்புறம் நாற்காலி நகரும் சத்தம். ஒரு பெண்ணின் குரல் ஒரு கதவைத் தாண்டக் கூடாது என்று கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சகோதரி பெர்னடின் இதைக் கேட்டிருந்தால் என்னைத் தோட்டத்தில் நிற்க வைத்திருப்பார். ஒழிந்துபோகட்டும் என்று அழிக்கப் போனேன்.

அழிக்கும் முன்பு, அந்த ஃபைலைக் கடைசியாக யார் எப்போது திறந்தார்கள் என்று பக்கத்தில் காட்டியது. போன ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. ஜோஸ்லினாக இருக்கும் என்று நினைத்தேன், அவள் இல்லை. சோதனை மாணவர் இரண்டு. பின்னோக்கிப் பார்த்தேன், குளிர்காலம் முழுவதும் ஞாயிறு தோறும், நான் பூசை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்தில், ஒரே பெயர். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது, நாற்காலி நகர்ந்த பிறகு. மறைத்து வைத்த ஃபைல் பட்டியலில் தெரியாதே தவிர, லிங்க் கையில் இருப்பவருக்குத் திறக்கும் என்று ஜோஸ்லின் விளக்கினாள். அந்த லிங்க்கை உன் அப்பா அப்போதே "உங்கம்மா கச்சேரியைக் கேளு" என்று எழுதி உனக்கு அனுப்பினார், எனக்கும் ஒரு பிரதி வந்தது, ஒரு வாரம் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

ரானல்டின் ஃபைலை யாரோ திறக்கிறார்கள் என்று சேடியிடம் சொன்னது என் புத்தி கெட்டதனம். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, "அண்ணன்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டியே, அதைக் கேக்க வருது" என்றாள். அந்த வாரத்துக்குள் ஆலயக் கூடத்து டீயில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பாதிரியார் வந்து வீட்டை மந்திரிக்கட்டுமா என்று கேட்டார், கூரையை மட்டும் மந்திரியுங்கள், வடக்குப் பக்கம் ஒழுகுகிறது என்றேன். ஆனால் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு பூசையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே துறைமுகத்தில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி மாறியது, "இப்போது" என்று காட்டியது. வீட்டில் யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது அலிஸ்டர், உன் அப்பாவின் குளிர்க்கோட்டு வாசம்கூட வந்தது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. ஓட்ஸ் ரொட்டி கொண்டுவந்த சேடி அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

பிறகு நிதானமாக யோசித்தேன். இங்கே நண்பகல் என்றால் உங்கள் ஆல்பர்ட்டாவில் காலை, நீ இரவு ஷிஃப்டு முடித்துப் படுக்கும் நேரம். அது நீ என்றுதான் நினைக்கிறேன். நினைப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு. அடக்கத்தன்று புயலில் நீ ஹாலிஃபாக்ஸ்வரை வந்துவிட்டாய், காற்றுக்குப் பயந்து நம் தீவுக்குக் கடல்மேல் வரும் பாதையை மூடிவிட்டார்கள், நீ திரும்பிப் போனாய். அதற்காக இந்த வீட்டில் உன்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை, அவருக்கும் இருந்திருக்காது, வண்டியை எடுக்காதே என்றுதான் சொல்லியிருப்பார். அன்றிலிருந்து நீ என்னிடம் பேசுவதெல்லாம் வானிலை மட்டும்.

நான் அந்த ஃபைலை அழிக்கவில்லை. வேறு ஃபோல்டருக்கு மாற்றவும் இல்லை, மாற்றினால் உன்னிடம் இருக்கும் லிங்க் செத்துவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஜூனோடு போய்விடும். ஒரு பிரதி எடுத்து மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன், ஆனால் ஞாயிறு தோறும் ஒருவர் போய்த் திறக்கிற கதவும் இழுப்பறையில் கிடக்கிற பிரதியும் ஒன்றல்ல. நீதான் என்றால் சொல், முதல் பாடப் பக்கத்திலேயே அதைக் கட்டிவிடச் சொல்கிறேன், புதிய இடத்துக்கும் போகும், புது லிங்க்கை உனக்கு அனுப்புவேன். வருகிற மாணவர்களெல்லாம் நான் மீனுக்காகக் கத்துவதைக் கேட்பார்கள். கேட்கட்டும். நீ இல்லையென்றாலும் சொல். அதைத் தாங்கிக்கொள்ள எனக்குச் சில நாள் தனியாக வேண்டும், சேடிக்குத் தெரியாமல்.

கம்பளிக் கையுறை பின்னி வைத்திருக்கிறேன், விலாசம் மாறவில்லையே? ஒழுங்காகச் சாப்பிடு, தகர டப்பா சாப்பாடு வேண்டாம். வேலைக்குப் போனதும் முதலில் தண்ணீரைப் பார். தேவமாதா உன்னைக் காக்கட்டும், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கட்டும். போனில் வேண்டாம், போனில் நீ "நல்லாத்தான் இருக்கேன்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். ஜூன் முடிவதற்குள், அது நீதானா என்று ஒரு தாளில் உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
யூஃபீமியா மெக்கின்னன்