கண் இல்லாத பக்கம்

விரலிடுக்கில் நீலப் பெயின்ட் காயாத என் ஆசை நைனாவுக்கு,

நல்ல சேதியோடு வந்திருக்கிறேன். உட்கார்ந்து கேள். நடுவில் பீடி தேட எழுந்து போகாதே.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. நான் சென்னையில் கலை வரலாறு எம்.ஏ. படிக்கிறேன். பழைய சிலை, ஓவியம் எல்லாம் யார் செய்தது, எதற்குச் செய்தது என்று துருவித் துருவிக் கேட்கிற படிப்பு. தினமும் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை பஸ், அப்புறம் ரயில். கடைசி வருஷத்தில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்பை நாமே தேடி, பேராசிரியர்கள் முன்னால் படம் போட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் எழுத ஆரம்பிக்கலாம்.

நான் எடுத்த தலைப்பு என்ன தெரியுமா? பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகள். எத்தனையோ பேர் எழுதியாயிற்று. ஆனாலும் வெள்ளைக்காரன் கல்லறை என்றால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன். ஊரைக் காட்டுவதற்காகக் கடைசியில், நீ மீன் வரைந்த நம் படகின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போட்டிருந்தேன். அதன் கீழே நான் எழுதியதைச் சொல்லக் கூசுகிறது நைனா. 'வரைந்தவர் பெயர் தெரியவில்லை.'

உன் பெயரா எனக்குத் தெரியாது? அப்பா மீன் பிடிக்கிறவர், படகுக்கு அவரே பெயின்ட் அடிப்பார் என்று அந்த ஏ.சி. அறையில் சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

திரையில் கல்லறைப் படங்கள் ஓடும்வரை பெரிய சார் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். படகு வந்ததும் நிமிர்ந்தார். ஒரு பக்கத்து மீனுக்கு இரண்டு கண். மறுபக்கத்து மீனுக்குக் கண்ணே இல்லை.

"பாதியில விட்டுட்டாரு போல. பெயின்ட் தீந்துபோச்சோ?" என்றார்.

மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல சார். பார்வை போன ஒருத்தரோட துயரம் அதுல தெரியுது பாருங்க."

துயரமாம் நைனா! உனக்கு!

எனக்கு அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "மேடம், அது நாக்கு மீனு. சேத்துல ஒருக்களிச்சுப் படுத்துக் கெடக்கும். மேல் பக்கம்தான் ரெண்டு கண்ணும். கீழ் பக்கம் ஒண்ணுமே இருக்காது. அந்தப் பக்கமும் கண்ணு வைனு சின்னதுல நான் அழுதேன். மீனுக்கே இல்லாத கண்ண நான் எங்கேருந்து கொண்டார்றதுனு கேட்டுச்சு."

"யாரு கேட்டாங்க?"

"எங்க நைனா. அவருதான் வரைஞ்சாரு."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று உறைத்தது. மேடம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "அப்போ இந்தப் படகேதான் மீனா?" என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "பேர் தெரியலைனு போட்டிருக்கியேம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "கல்லறையைப் பத்தி எழுத நாங்க இருக்கோம். இதை நீதான் எழுதணும். ஏரியில இன்னும் எத்தனை படகுல இப்படிப் படம் இருக்குனு பாரு" என்றார். சாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். "வறுத்தா நல்லாருக்குமா?"

தலைப்பு முடிவாகிவிட்டது நைனா! பழவேற்காட்டு ஏரிப் படகுகளின் ஓவியங்கள். பொன்னேரியில் இறங்கியதும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். உன் படகை இப்போது அவர்தான் ஓட்டுகிறார்.

"சித்தப்பா, பெயின்ட் அடிக்கப் போறேன்னியே, அந்த மீனு மேல கை வெச்சுடாதே."

"இன்னாம்மா நீ! அத்த அழிச்சா எங்கண்ணன் கனவுல வந்து ஒதைக்கும்."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? படகைப் பற்றி எழுதவா காலேஜுக்குப் போனே என்று கேட்டிருப்பாயா? இல்லை, ஊர் முழுக்கச் சொல்லி மானத்தை வாங்கியிருப்பாயா?

ஒரு வாக்குத் தருகிறேன். என் ஆய்வேட்டின் முதல் படம் அந்தக் கண் இல்லாத பக்கம்தான். அதன் கீழே, 'வரைந்தவர்: தேசிங்கு, மீனவர், தோணிரேவு, பழவேற்காடு' என்று இருக்கும். படத்துக்குக் கீழே 'என் நைனா' என்றெல்லாம் எழுதக்கூடாதாம். அதனால் அதை இங்கே எழுதிவிட்டேன்.

இனி எந்த அறையிலும்,
தேசிங்கு மகள்
நந்தினி