ழகர விலக்கு

நாள் 141 — 09:10

“மேடம், எனக்குப் பக்கவாதம் வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நான் பொறந்ததுல இருந்தே இப்படித்தான பேசுதேன்?”

முப்பது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இதைக் கேட்டவன் ஜெபராஜ், தூத்துக்குடிக்காரன். மூளையில் ரத்தம் தடைபட்டால் நாக்கு குழறும் என்று நடத்திக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பழம் எப்போதுமே பளம். “உனக்கு வந்தால் தெரியாதுதான். உன் வாயில் தமிழுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது” என்றேன். வகுப்பே சிரித்தது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் நரம்பியல் பேராசிரியர் அங்கயற்கண்ணி. ஓய்வுபெற்ற பின், நிலவின் குறைந்த ஈர்ப்பில் மூளைக்கு ரத்தம் எப்படி ஓடுகிறது என்று என் தலையிலேயே அளந்துகொண்டு, இந்த நிலையத்தில் தனியாக இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மருத்துவ இயந்திரம் எழுதுகிறது. அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நான் தகரம் என்பேன். காதில் விழுந்ததை அப்படியே எழுதும். திருத்தும் அறிவு கிடையாது.

ஜெபராஜ் மாதிரி ஆட்களுக்காக அதில் ஒரு விதி எழுதினேன்: ழ, ள மயங்கினால் குறையாக எண்ணாதே. ழகர விலக்கு. இப்போது அவன்தான் பூமியில் என் மருத்துவ அதிகாரி! உடம்பு நன்றாக இருக்கும்போதே பேச்சுச் சோதனை ஒன்று செய்து பதிந்து வைக்கச் சொன்னான். மறுத்தேன். என் உச்சரிப்பை இவன் சோதிப்பதா?

மருந்துப் பெட்டி சோதனை. இயந்திரம் என்னிடம் குறை கண்டால் பெட்டி தானாகத் திறக்கும். இல்லையென்றால் கடவுச்சொல் வேண்டும், அதுவும் என் குரலில் அல்லது ஜெபராஜின் குரலில். “தாழ் திற” என்றேன். திறந்தது. சொல்லைத் தேர்ந்தெடுத்தவள் நான். அவன் வாழ்நாளில் திறக்க மாட்டான்.

11:20

கையிலிருந்த தம்ளர் விளுந்தது. நிலவில் பொருள் மெதுவாகத்தான் கீளே போகும், சின்னக் குளந்தைகூடப் பிடித்துவிடும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வலது கை போகவில்லை.

தகரத்தைச் சோதிக்கச் சொன்னேன். முடிவு: “முகம் சரி. கை சரி. பேச்சு: வட்டார வழக்கு, விலக்கு பொருந்தும். குறை: பூஜ்யம்.”

கை எப்படிச் சரி? ஆறில் ஒரு பங்கு எடையில் பாதி செத்த கைகூடத் தூக்கியபடி நிற்கும். முட்டாள் தகரம். வட்டார வளக்கா? யாருக்கு?

11:34

மேலே எளுதியதைப் படித்தேன். விளுந்தது. கீளே. குளந்தை. என் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது.

ஆய்வுத் தலைக்கவசம் போட்டுப் பார்த்தேன். மூளையின் இடப்பக்க நடுத் தமனியில் ரத்த ஓட்டம் பாதி. கசிவு இல்லை, ரத்தக்கட்டி. தோட்டக் குளாயை மிதித்தால் கடைசிச் செடி வாடுமே, அப்படி. கட்டியைக் கரைக்கும் ஊசி பெட்டிக்குள். நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதாவது 15:50. கவசம் ஆராய்ச்சிக் கருவியாம், அதன் சாட்சியைத் தகரம் ஏற்காது.

“தாள் திற” என்றேன். அச்சுப்பொறியின் காகிதத் தட்டு திறந்தது.

13:05

இந்தக் குறிப்பைப் பூமிக்கு அனுப்பியிருந்தேன். அங்கிருந்து ஜெபராஜ்: “மேடம், குறிப்பப் படிச்சேன். ‘விளுந்தது’ன்னு நான் சொன்னா அது எங்க ஊரு. நீங்க சொன்னா ரத்தக்கட்டி. விலக்க எடுக்கச் சொல்லிருக்கேன், மேல கையெளுத்து வர நாளைக்கு ஆவும். நானே பெட்டியத் தொறக்கேன். தாள் திற.”

காகிதத் தட்டு.

“தாள் திற. தா...ள். சிரிக்காதீங்க மேடம்.”

சிரிக்கவில்லை.

“நாக்க எங்க வைக்கணும் மேடம்? அன்னிக்கே கேக்க நெனச்சேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க.”

ஐந்து நிமிஷப் பாடம். முப்பது வருஷத்தில் ஒரு தடவை சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். கேலி மட்டும் செய்தேன். வாத்தியாராம் நான்.

15:41

கால் இல்லை. சொல்... சொல் தேட வேண்டியிருக்கு. அவன் விடவில்லை. தட்டு திறக்குது, மூடுது, திறக்குது. ஒரு தடவை பாதி வந்தது. நல்ல பையன்.

படிப்பவரே, நீங்களும். நாக்கு நுனியை உள்ளே வளையுங்கள். மேலே தொடாதீர்கள். இப்போது சொல்லுங்கள்: தாள்.