அண்ணையின் கழுத்தில் மாலை

இணுவில்,
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி சுபாஸ்கரனுக்கு,

நீரும் தனுஷாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க எங்கள் கந்தசுவாமியார் துணை நிற்கவேண்டும். இங்கே நானும் மாமியும் சாருஜாவும் இருக்கிறோம். போனில் கதைத்தால் நீர் இடையில் புகுந்துவிடுவீர், மாமியும், உம்முடைய அம்மாதானே, காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அதனால்தான் கடிதம்.

மகள் சாருஜாவுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்துவிட்டது. மாமியின் முழங்கால் வீக்கத்தை மானிப்பாய் ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். மழை கூடியதால் இந்த முறை வெங்காயம் பாதி அழுகிப்போயிற்று.

டவுனில் பூங்காவைத் திருத்தித் திறந்தார்கள். நீர் அன்பளிப்பாகச் செய்வித்த சிலையையும் பார்த்தோம். “ஒருக்காப் போய்ப் பாருங்கோ அண்ணி” என்றீரே தவிர, என்னவென்று சொல்லவில்லை. நீட்டு வாங்கில் உட்கார்ந்தபடி ஓர் இளந்தாரி, பக்கத்தில் சைக்கிள். முகம் உம்முடைய அண்ணையின் முகம். எங்கள் கலியாணப் படத்தைச் சாருஜாவிடம் கேட்டு வாங்கியது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. செய்த மக்டலீன் என்ற பிள்ளை கெட்டிக்காரி, புருவத்துத் தழும்பைக்கூட விடவில்லை.

நாங்கள் சந்தோஷப்படவேண்டும் என்றுதான் செய்தீர், தெரியும். கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட கதையாகிவிட்டது. திறக்க வந்த பெரியவர் ஒவ்வொரு சிலைக்கும் மாலை போட்டுக்கொண்டு வந்தவர், இவர் கழுத்திலும் போட்டார். மற்றவை பெயரில்லாத உருவங்கள். இவர் எங்கள் வீட்டு ஆள். சனம் கைதட்டியது.

அண்ணையின் படத்தைச் சுவரில் மாட்ட மாமி ஒருநாளும் விட்டதில்லை. “மாட்டினால் ஆரும் அறியாமல் மாலை போட்டிடுவினம். என்ரை பிள்ளை செத்தவனில்லை” என்பார். கைக்குழந்தை சாருஜாவின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவரை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாமியும் நானும் நின்றோம். அவரைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றபோது இரண்டுபேரும் எழும்பி வந்துவிட்டோம்.

மாலையைக் கண்ட மாமி அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்த சீலையோடு தலை முழுகினார். செத்த வீட்டுக்காரர் முழுகுவதுபோல. பிறகு, “நீயும் முழுகு பிள்ளை. இனிக் காணும், காத்திருந்தது போதும்” என்றார். நான் முழுகவில்லை. அன்றிலிருந்து என் நெற்றிப் பொட்டைப் பார்க்காமல்தான் கதைக்கிறார்.

இந்த நேரம் பார்த்து நீரும் அவருக்குப் போனில் யோசனை சொல்லியிருக்கிறீர். வருகிற ஆடியில், அண்ணை போன நாளன்று, சிலைக்கு மாலையும் பூசையும், கீரிமலையில் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியும். மாமி ஓம் என்றுவிட்டார். ஐயருக்கும் சொல்லியாயிற்று. தாலியைக் கழற்றவேண்டியவள் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

சிலையை எடுப்பியும் என்று எழுதத்தான் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் தனியே பூங்காவுக்குப் போனேன். அங்கே சாருஜா வாங்கில் உட்கார்ந்து, தகப்பனின் தோளில் சாய்ந்து, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தகப்பனோடு அவளுக்கு வேறு படம் இல்லை. நான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அவள் போனபிறகு நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அந்த வழியால் வந்த ஒரு பள்ளிக்கூடப் பெட்டை, “அன்ரி, உது உங்கடை மகனோ?” என்று கேட்டாள். அவர் அன்றைக்குப் போன வயதிலேயே இருக்கிறார், எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அதனால் சிலை இருக்கட்டும். மாலை வேண்டாம், பூசையும் வேண்டாம். கொடுத்தவர் நீர், உம்முடைய சொல்லைக் கேட்பார்கள். ஐயரையும் மறித்துவிடும். அவரைக் கொண்டுபோனவர்கள் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவரை முடித்துவைப்பவர்கள் நாங்களாக இருக்கவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது, அண்ணை இருக்கிறார் என்று மாமியிடம் ஒருக்காச் சொல்லும். நீர் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்சம் பலத்துச் சொல்லும், நான் பக்கத்தில் நின்று கேட்பேன்.

உம்முடைய பிள்ளைகள் தகப்பனோடு நெடுங்காலம் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உம்முடைய அண்ணி,
திருமதி ஜெயரூபன் செல்வநாயகி