விளக்கு வைத்த பிறகு வந்த படகுகள்

தெலுக் பங்லிமா காராங்
சுக்கில வருஷம் ஐப்பசி 19

அன்புள்ள சபாபதி அண்ணனுக்கு,

முந்தாநாள் விளக்கு வைத்த பிறகு அடுப்படிச் சுவரில் ஒரு வெளிச்சம் நகர்ந்து போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் நலம் சொல்லாமல் எடுத்தவுடன் சுவரைப் பற்றியா எழுதுவாய் என்று அம்மா அதட்டுவதால் முதலில் அதை எழுதிவிடுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சோற்றுக்கும் சுகத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், கோலகிராய்க் காட்டில் ரயில் பாதை போடும் இடத்தில் காய்ச்சலும் அட்டையும் அண்டாமல் மாரியம்மன் உங்களைக் காக்க வேண்டும். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சேலையை அம்மா ஒரு நாள் உடுத்திவிட்டு மடித்து வைத்துவிட்டாள், முறுக்குப் பொட்டலம் உங்களுக்கு வந்ததா, உடைந்து வந்திருந்தாலும் தின்றுவிடு என்று சொல்லச் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் சொல்வதை எழுதுகிறேன், நான் பார்த்ததையும் கூடவே சேர்த்துக்கொள்கிறேன், அப்பா சரி என்றார்.

ஆடி மாதம் மராமத்து இலாகா ஓவர்சியர் நம் துறைக்கு வந்து ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்ததை முன்பே எழுதியிருந்தேன். ஆற்றின் மேல் பாலம் போடப் போகிறார்களாம், அதற்கு முன் இந்த ஆற்றில் எத்தனை படகு போகிறது வருகிறது என்று தெரிய வேண்டுமாம். அப்பாவுக்கு அக்கரைக்கு ஆள் ஏற்றும் தெப்பத்தின் கம்பியை இழுக்கவே கை போதாது, எழுத்தும் தெரியாது, அதனால் நாலாவது வரை படித்த நான் வாசலில் உட்கார்ந்து படகுக்கு ஒரு கோடு போட்டேன். மூன்று மாதம். வேறு யாரோடும் பேச வேண்டியதில்லாத வேலை என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சில நேரம் ஆறு நின்றுவிட்டு நம் வீடு போவது போல் இருக்கும். மாலையானால் அம்மா விளக்கேற்றுவாள், உடனே நோட்டை மூடிவிடுவேன். முதல் நாளே அம்மா சொல்லிவிட்டாள், வெளக்கு வெச்ச வீட்டுல எண்ணாதடி, எண்ணுனது தங்காது என்று. நானும் அப்பாவும் அதைப் பற்றிக் கொஞ்சமும் யோசிக்கவில்லை, எந்த வீட்டில்தான் விளக்கு வைத்த பிறகு எண்ணுவார்கள். ஓவர்சியர் நோட்டை வாங்கிக்கொண்டு போகும்போது கோடு எல்லாம் நேராக இருக்கிறதே என்றார், நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

தீபாவளியன்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் பத்திரிகையோடு தெப்பத்தில் ஏறினார். கோலாலம்பூர் சபையில் நம் ஆற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று நடு ஆற்றில் நின்று உரக்கப் படித்தார், வீட்டு வாசல் வரை கேட்டது. ரப்பர் தோட்டத் துரை ஒருவர் எழுந்து, ஆறு ஆண்டவன் போட்ட ரோடு, அதற்குக் கல்லும் தாரும் கேட்டதில்லை, படகு போகும் தண்ணீருக்கு மேல் எதைக் கட்டினாலும் பாய்மரம் போக வழி விட வேண்டும் என்று சட்டம் செய்யுங்கள் என்றாராம். சர்க்கார் பக்கத்தில் இன்னொருவர், உயரமாக நடுவில் திறக்கும் பாலத்துக்கு மூன்று பங்கு பணம் ஆகும், ரப்பர் விலை இறங்கிக்கொண்டு வருகிறது, எண்ணிப் பார்த்ததில் நாளொன்றுக்கு நான்கே படகு, நான்கு படகுக்காக ஆகாயத்தில் பாலம் கட்டுவதா, தாழ்வாகக் கட்டினால் போதும் என்றாராம். அந்த இடத்தில் பத்திரிகையில் சிரிப்பு என்று அச்சடித்திருந்தது, கிராணி அதையும் சேர்த்து சிரிப்பு என்று படித்தார், தெப்பத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். முடிவை அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். அப்பா கம்பியை விட்டுவிட்டு, அது எம் மவ போட்ட கோடுங்க, சபையில பேசுதுங்க என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் அன்று முழுவதும் கால் தரையில் இல்லை. என் கோடுகள் எல்லாம் நோட்டை விட்டு எழுந்து ஆற்றில் மிதந்து கோலாலம்பூருக்குப் போவது போலவே இருந்தது.

பாக் மாட் மட்டும் சிரிக்கவில்லை. கூரை வேயும் அத்தாப்பு ஓலை ஏற்றி வரும் மலாய்ப் படகுக்காரர், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வருஷம் கடல் நீர் ஏற்றத்தோடு படகு விட்டு கிள்ளான் ஆஸ்பத்திரி வழிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், உங்களுக்கு மறந்திருக்காது. நாலில் ஒன்று நான், மீதி மூன்று யார் லா, எங்கள் கம்பம் ஒரு ஊரிலேயே முப்பது படகு இருக்கிறதே என்று கேட்டார். பாலம் தாழ்ந்தால் அவர் பாய்மரத்தை வெட்ட வேண்டும், பாய் இல்லாமல் அத்தனை ஓலையை ஏற்றிக்கொண்டு துடுப்பு வலிக்கும் வயதா அவருக்கு.

மறுநாள்தான் அந்த வெளிச்சம். அரிசி களைந்துகொண்டிருந்தேன், பலகை இடுக்கு வழியாக மஞ்சளாக ஒரு கோடு சுவரில் ஏறி, உப்புப் பானை மேல் வளைந்து, மெல்ல நகர்ந்து மறைந்தது. பின்னால் இன்னொன்று. இத்தனை மாதமாக அதைப் பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்திருக்கிறேன். அது படகு விளக்கு. அமாவாசை கழிந்தால் ஏற்றம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப் போகிறது, ஏற்றத்தைப் பிடித்துத்தானே படகுகள் மேலே போகும். எண்ணக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன், மனது எண்ணிவிட்டது. சோறு கொதிப்பதற்குள் பதினொன்று.

அப்பாவிடம் சொன்னேன். நேற்று ஓவர்சியர் ஆற்றைக் கடக்க வந்தபோது அப்பா தன் தொப்பியைக் கழற்றி அவரிடம் இதைச் சொல்லிவிட்டார். ஓவர்சியர் சிரித்து, பாலம் வந்தா ஒன் தெப்பம் போயிரும், தெப்பக்காரன் தெப்பத்துக்குத்தான் பேசுவான், பேரில்லாத கோட்டை யாரு வேணா போடலாம் கன்னையா என்றாராம். இந்த வேலையில் இருபது வருஷம் ஒரு பொய் சொல்லாத அப்பா இராத்திரி சோறு உண்ணவில்லை. தப்பு எம்மேல, நாந்தானே எண்ணாதன்னேன் என்று அம்மா அழுதாள். பிறகு அவளே, படகு பேரோட எழுதுனா ஒத்துக்குவானா, கேளு என்றாள்.

ஆகையால் அப்பா சொல்வது: சபாபதி, உனக்கு இங்கிலீஷ் தெரியும், நடந்ததை நடந்தபடி ஒரு மனுவாக எழுது. பகலில் மட்டுமே எண்ணினோம், விளக்கு வைத்த பிறகு எண்ணவில்லை, அது எங்கள் வழக்கம், தப்பு எங்களுடையது என்று எழுது. பாலம் வேண்டும் வேண்டாம் என்று எதுவும் கேட்காதே. என் பெயரைப் போடு, பிள்ளை பெயர் வேண்டாம். இராத்திரி வரும் படகுகளின் பெயர்கள் பத்து நாளில் உனக்கு வந்து சேரும், அவற்றையும் சேர்த்து அடுத்த கூட்டத்துக்கு முன் அந்தத் தோட்டத் துரைக்குக் கிடைக்கும்படி அனுப்பு. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையைத் தவறாமல் போடு, ஈரத் துணியோடு உறங்காதே. அம்மனும் முருகனும் உன் கூடவே இருப்பார்கள், கையும் காலும் வலுவாக இரு.

இப்படிக்கு உன் நன்மையே நினைக்கும் அப்பா
கன்னையா (கைநாட்டு)

அண்ணா, அப்பா கைநாட்டு வைத்துவிட்டார், இனி நான் எழுதுவது. எழுதினவள் அஞ்சலை என்று என் பெயரையும் மனுவில் போடுங்கள். கடிதத்தை ஒட்டுவதற்குள் அம்மா விளக்கேற்றினாள். ஏற்றிவிட்டு வேறொரு நோட்டை அவளே எடுத்து என் கையில் கொடுத்து, போ என்றாள். துறைப் பலகையில் போய் நின்றேன். தூரத்தில் ஒரு விளக்கு வந்தது, படகு தெரியவில்லை, தண்ணீரில் விளக்கு மட்டும் வருவது போல் இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் நான் பேசியதில்லை, உங்களுக்கே தெரியும். அது எதிரே வந்ததும் இரண்டு கையையும் வாயருகே குவித்து, யார் படகு என்று மலாயில் உரக்கக் கேட்டேன்.