நான்கு கோழிகள், ஐந்து தடங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? நீங்கள் அனுப்பிய ஸ்வெட்டர் அம்மாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. போனில் எனக்கு வாய் எழாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அதனால் எழுதுகிறேன்.

கால்நடைத் துறையில் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. இப்போது கோழிப் பண்ணைகளுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஒரு கூண்டில் நான்கு கோழிக்கு மேல் அடைக்கக் கூடாது. போன வாரம் என் பட்டியலில் சித்தப்பாவின் பண்ணை இருந்தது. சொந்தக்காரர், வேறு ஆளை அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "இருக்கிறதே ரெண்டு பேர், இன்னொருத்தர் லீவு. கோழிங்க உனக்குச் சொந்தமில்லையே, போயிட்டு வாம்மா" என்றார். உறவைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

"எண்ணிக்கோங்க ஆபீசரம்மா" என்று சித்தப்பா சிரித்தார். கூண்டுக்கு நான்குதான். ஆனால் தீனித் தொட்டிக்கு மேலே, கழுத்து உரசி உரசிக் கம்பி ஐந்து இடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது. எல்லாக் கூண்டிலும் ஐந்து.

பின்னால் இருக்கும் தீவன மூட்டைக் கொட்டகையைத் திறக்கச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் கோழிகள், வாயைத் திறந்தபடி இரைத்துக்கொண்டிருந்தன. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதில் ஏழு செத்திருந்தன.

"உன்னை ஸ்கூட்டர்ல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போய் காலேஜ்ல சேர்த்துவிட்டவன் நான்டி. இதையும் எழுதப்போறியா?" என்று கேட்டார். உண்மைதானே, நீங்கள் இங்கே இல்லாத நாளெல்லாம் வந்து நின்றவர் அவர்தான். ஆனாலும் எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

முப்பது நாளில் சரிசெய்யாவிட்டால் உரிமம் ரத்து. அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அறிக்கை மேலே போயிருக்கும். போன் செய்யாததற்கு அதுவும் ஒரு காரணம். வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன் அப்பா.

கோபமிருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள். மறு ஆய்வுக்கு வேறு ஆள்தான் போவார். அதற்கு முன் கூண்டு மாற்ற ஆள் வேண்டுமென்றால் நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். வந்தால் கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்
பெண்